இழுத்தால் ஓடுகிற குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வருடம் பயிற்சிப் பள்ளியின் மட்டக்குதிரைகளில் பழகினேன். நான்கு மாதம் முன்பு, பெங்களூரில் ரேஸ் ஓடி ஓய்வுபெற்ற ஆறு வயதுக் குதிரை ஒன்றை வாங்கினேன். காயடித்தது. லாயத்தில் பரம சாது. ஆனால் ஏறும்போது நிற்பதில்லை, ட்ராட்டில் (மெதுவான ஓட்டத்தில்) போனால் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. கடிவாளத்தை இழுக்க இழுக்க வேகம் கூடுகிறது. போன மாதம் விழுந்தேன். அடி பெரிதில்லை, ஆனால் இப்போது ஸ்டிரப்பில் கால் வைக்கும்போதே கை நடுங்குகிறது. கடுமையான பிட் (கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் இருக்கும் இரும்பு) போடச் சொல்கிறார்கள். போடலாமா, விற்றுவிடலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பிட்டை மாற்றாதீர்கள். இழுக்க இழுக்க வேகம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குதிரை தான் படித்த பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. ரேஸ் பயிற்சியில் ஓட்டுபவர் ஸ்டிரப்பைக் குட்டையாக்கி, சேணத்திலிருந்து எழும்பி, முன்னால் குனிந்து, இரண்டு கடிவாள வார்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடரிமேல் இறுக்கிப் பிடிப்பார். குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். பயந்துபோன மனிதரும் முன்னால்தான் குனிகிறார், முழங்காலை இறுக்குகிறார், இரண்டு கையாலும் விடாமல் இழுக்கிறார். அதன் கணக்கில் நீங்கள் ஜாக்கி. ஏறும்போது நிற்காததும் இதே கதை: அங்கே ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, நடக்கிற குதிரைமேலேயே ஏறிவிடுவார்கள். நில் என்று அதனிடம் யாரும் கேட்டதே இல்லை.

ஏறுவதற்கு முன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். பிட் படும் இடத்தில் பல் கூராக இருந்தால் எந்தக் குதிரையும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும். ரேஸை விட்டபின் முதுகுத் தசையின் வடிவம் மாறும், அதனால் சேணத்தின் பொருத்தத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும். வயிற்று வார் இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வந்தால் இரைப்பைப் புண்ணையும் சந்தேகிக்கலாம், ரேஸ் குதிரைகளில் அது சர்வசாதாரணம். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு மூன்றையும் காட்டுங்கள்.

தீனி அடுத்தது. ஓடாத குதிரைக்கு ஓடுகிற குதிரையின் ஓட்ஸும் கொள்ளும் எதற்கு? சுமார் 450 கிலோ எடை என்றால் ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. தானியத்தை ஒரே நாளில் நிறுத்தாமல் பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள், திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். தினமும் சில மணி நேரம் திறந்த இடத்தில் விடுங்கள்.

இனி நிற்கக் கற்பிப்பது. தரையில் தொடங்குங்கள். ஏறுமேடை பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். நகர்ந்தால் திட்டாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டிரப்பில் கால் வைத்து மூன்று எண்ணிவிட்டு எடுத்துவிடுங்கள். இதையே ஒரு வாரம் செய்தாலும் வீண் இல்லை. ஏறிய முதல் சில நாட்கள் அனுபவமுள்ள ஒருவர் லஞ்ச் கயிற்றை (தரையில் நின்றபடி குதிரையை வட்டமாக நடத்தும் நீளக் கயிற்றை) பிடித்துக்கொள்ளட்டும்.

மேலே உட்கார்ந்ததும் 20 மீட்டர் வட்டத்தில் வெறும் நடை. நிறுத்த நினைக்கும்போது முதலில் மூச்சை வெளியே விட்டு இருக்கையில் கனமாக உட்காருங்கள். பிறகு வட்டத்தின் வெளிப்பக்கக் கடிவாளத்தில் மட்டும் விரல்களை ஒரு வினாடி மூடுங்கள். குதிரை ஒரு இம்மி தளர்ந்தாலும் அந்தக் கணமே விடுங்கள். விடுவதில்தான் பாடம் இருக்கிறது, இழுப்பு வெறும் கேள்வி. தாமதித்து விட்டால் அது சாய்ந்துகொள்ளத்தான் கற்கும். பத்தில் ஒன்பது முறை இழுக்காமலே நின்றால் ட்ராட்டில் எட்டு அடி வைத்துத் திரும்ப நடைக்கு வாருங்கள். அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தை இரண்டு மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.

அப்படியும் ஓடிவிட்டால் நேராக இழுக்காதீர்கள். வட்டத்துக்குள் திருப்பி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். வேகத்தில் கழுத்தைச் சட்டென்று வளைத்தால் குதிரையே விழும். இடமில்லை என்றால் ஒரு கையைக் குட்டைக் கடிவாளத்தோடு பிடரியில் ஊன்றி, மறுகையால் குதிரை ஒரு அடி வைக்கும் நேரம் மேல்நோக்கி இழுத்து விடுங்கள், மறுபடி இழுத்து விடுங்கள். நடையிலேயே பலமுறை பழகாமல் அவசரத்தில் இது வராது. குதிரை முன்னங்காலைத் தூக்கினால் மட்டும் எதையும் இழுக்கக் கூடாது, கடிவாளத்தைத் தளர்த்தி முன்னால் சாயுங்கள்.

கை நடுக்கத்தைப் பற்றி. விழுந்தால் உடனே ஏறு என்கிற அறிவுரையை நான் ஏற்பதில்லை, தலையில் அடிபட்டவர்களுக்கும் அதையே சொல்கிறார்கள். தரையில் மோதிய ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் புதிது வாங்குங்கள். பழைய ஸ்டிரப் வார் ஒன்றைக் குதிரையின் கழுத்தில் கட்டி, பயம் வரும்போது கடிவாளத்துக்குப் பதில் அதைப் பிடியுங்கள். குதிரையின் காலடிகளைச் சத்தமாக எண்ணுங்கள், எண்ணுகிற வாயால் மூச்சை அடக்க முடியாது. பயத்துக்குப் பத்தில் மதிப்பெண் போட்டு மூன்றைத் தாண்டும் வேலையை அன்று விட்டுவிடுங்கள். இருபது நிமிடம் போதும், நன்றாகப் போகும்போதே இறங்குங்கள்.

விற்பதா? இரண்டு வருட மட்டக்குதிரைப் பழக்கத்துக்கு இது பெரிய குதிரைதான், அதை மறைக்க மாட்டேன். ரேஸ் குதிரைகளை மறுபயிற்சி செய்தவர் ஒருவரை வாரம் இரண்டு நாள் அதில் ஏறச் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு அவரிடமும் நிற்கவில்லை என்றாலோ, முன்னங்காலைத் தூக்க ஆரம்பித்தாலோ விற்றுவிடுங்கள். வாங்க வருகிறவரிடம் உங்களைத் தள்ளிவிட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.