செக் கிழிக்கிறதா, போனைத் தட்டுறதா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் கரண்ட் பில் கட்டுறத பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனக்கவே இல்ல. எல்லாத்துக்கும் பதில் எழுத எடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி கேள்விகள சேத்து ஒன்னாக்கிட்டேன். பேங்க் கவுண்டர்ல 28 வருஷம் உக்காந்தவன்ங்கிற உரிமையில கொஞ்சம் உரிச்சும் பேசுவேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 20 வருஷத்துக்கு மேல லைட் பில், தண்ணி பில், டெலிபோன் பில் எல்லாம் செக் எழுதித்தான் கட்டுறேன். கொழும்புல இருக்கிற மகள் "இந்தக் காலத்துல யாரும்மா செக் எழுதுறா"ன்னு சண்டை பிடிக்கிறா. போன்ல காசு போனா போனதுதான்ங்கிற பயம் எனக்கு. என்ன செய்யட்டும்? (வாசகி, பண்டாரவளை)

டீச்சர், உங்க பழக்கத்துல தப்பு ஒன்னும் இல்ல. மகளுக்கு தெரியாத ஒரு விஷயம் சொல்றேன், நீங்க எழுதுற செக்கும் இப்ப பாதி ஒன்லைன்தான். முந்தி நம்ம மலையில போட்ட செக் பையில கட்டி கொழும்புக்கு போய், அங்க பிரிச்சு, உங்க பேங்குக்கு வந்து சேந்து காசு கைக்கு வர ஒரு வாரம் பத்து நாள்னு இழுக்கும். 2006ல இருந்து அப்பிடி இல்ல. செக்க வாங்குற பேங்க் அத ஸ்கேன் பண்ணி படத்த மட்டும் அனுப்புது, கடதாசி அங்கயே நின்னுரும், நேரத்துக்குள்ள போட்டா அடுத்த வேலை நாள்ல கணக்கு தீந்துரும். அதனால "செக்னா கையில புடிக்கிற சாமான், போன்னா காத்து"ங்கிறது சரியில்ல. ரெண்டும் கடைசியில கொம்பியூட்டர் வழியாத்தான் போகுது.

உங்களுக்கு செக்குல புடிச்சது உண்மையில என்ன தெரியுமா, செக்க கிழிச்ச பிறகு புக்குலயே நிக்கிற அந்த அடிக்கட்டை. தேதி, யாருக்கு, எவ்வளவு, மிச்சம் எவ்வளவுனு கையால எழுதி வைக்கிறீங்களே, அதுதான் உங்க வீட்டுக் கணக்க 20 வருஷம் காப்பாத்தியிருக்கு. நான் கவுண்டர்ல பாத்ததுல செக் எழுதுறவங்களுக்கு மிச்சம் எவ்வளவுனு மனசுல ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும், போன்ல தட்டுறவங்க பல பேருக்கு அது கிடையாது. அதனால போனுக்கு மாறினாலும் அடிக்கட்டைய விட்டுறாதீங்க. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்க, பில் கட்டின உடனே தேதி, தொகை, போன்ல வர்ற ரெபரன்ஸ் நம்பர் மூணையும் எழுதுங்க. பழைய டீச்சருக்கு கொப்பி எழுத சொல்லியா குடுக்கணும்.

மாறுறதா இருந்தா எல்லாத்தையும் ஒரே மாசத்துல மாத்தாதீங்க. ஆகச் சின்ன பில் எதுவோ, டெலிபோன் பில்லுனு வைங்க, அத மட்டும் ரெண்டு மாசம் போன்ல கட்டிப் பாருங்க. இன்னொன்னு, பென்ஷன் விழுற கணக்க ஆப்போட சேக்கவே வேணாம். பக்கத்துல ஒரு சின்ன சேவிங்ஸ் கணக்கு தொறந்து, மாசத்துக்கு பில்லுக்கு தேவையான காச மட்டும் அதுல போட்டு, ஆப்ப அதோட மட்டும் சேத்துக்குங்க, அப்பறம் யாராவது ஏமாத்தினாலும் போறது அந்த மாசத்து பில் காசு மட்டும்தான், வாழ்நாள் சேமிப்பு இல்ல. காசு போகுமுன்ன உறுதிப்படுத்த போன்ல வர்ற ஓடிபிங்கிற ரகசிய நம்பர யாரு கேட்டாலும் குடுக்காதீங்க, பேங்க்ல இருந்து பேசுறோம்னு நல்ல தமிழ்ல பேசினாலும் குடுக்காதீங்க. உண்மையான பேங்க்காரன் அத கேக்கவே மாட்டான், நானே 28 வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல.

செக் புக்க இப்பவே திருப்பிக் குடுத்துறாதீங்க, இருக்கட்டும். ஆனா ஒன்னு, வயசாக ஆக கை நடுங்கும், கையெழுத்து மாறும், பேங்க்ல இருக்கிற மாதிரிக் கையெழுத்தோட பொருந்தலன்னா செக் திரும்பி வரும். உங்களுக்கு அப்பிடி ஆரம்பிச்சிருந்தா பேங்குக்கு போய் புதுசா கையெழுத்து வச்சிட்டு வாங்க.

கேள்வி: தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். சம்பளம் இப்ப பேங்குக்கு வருது. ஏடிஎம் கார்ட், போன் ரெண்டும் மகன்கிட்ட. கரண்ட் பில், டிஷ் ரீலோட், சீட்டுக் காசு எல்லாம் அவனே போன்ல கட்டிர்றான். மிச்சம் எவ்வளவுனு கேட்டா "இருக்கும்மா"ங்கிறான். அவன் நல்ல பிள்ளைதான், ஆனாலும் மனசு கேக்குதில்ல. (வாசகி, தலவாக்கலைக்கு கிட்ட)

தங்கச்சி, இந்த கடிதத்த நான் மூணு தடவ வாசிச்சேன். மகன் கெட்டவன்னு நீங்க சொல்லல, நானும் சொல்லல. ஆனா மலையில விடிய பேர் பதியிற பெரட்டுக்கு போயி, அட்டையும் மழையும் பாத்து ஒழைக்கிறது நீங்க. மாசக் கடைசியில கங்காணி ஒரு நாளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போட்டிருந்தா சும்மா விடுவீங்களா, ஒபிஸ் வாசல்ல நின்னு வேலை நாள் பதியிற செக்ரோல பாத்து கேக்க மாட்டீங்களா? அந்த கேள்விய தோட்டத்து ஒபிஸ்ல கேக்க நமக்கு உரிமை இருக்குனா சொந்த வீட்டுல கேக்கிறதுக்கு ஏன் தயங்கணும்.

சண்டை இல்லாம செய்யக்கூடியது இருக்கு. மொதல் வேலை, டவுனுக்கு போற நாள்ல பாஸ் புக்க எடுத்துட்டு பேங்குக்கு போயி வரவு செலவ அச்சடிச்சு வாங்குங்க, மெஷின்ல போட்டாலே எல்லா வரியும் விழுந்துரும். வாசிக்க கஷ்டம்னா கவுண்டர்ல இருக்கிற பிள்ளைகிட்ட வாசிச்சு காட்ட சொல்லுங்க, அதுக்குத்தான் அவங்களுக்கு சம்பளம். ரெண்டாவது, உங்ககிட்ட பட்டன் போன் இருந்தா போதும், கணக்குல காசு வந்தா போனா அந்த நம்பருக்கு மெசேஜ் வர்ற மாதிரி பேங்க்ல எழுதிக் குடுங்க. இப்ப கணக்குல மகன்ட நம்பர்தான் பதிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன், அத உங்க நம்பருக்கு மாத்துங்க. அது மாறினா ஓடிபியும் உங்களுக்குத்தான் வரும், மகன் பில் கட்டணும்னா "அம்மா நம்பர சொல்லுங்க"ன்னு உங்ககிட்ட வந்து கேக்கணும். அந்த ஒரு கேள்வியில பாதி பிரச்சினை தீந்துரும்.

ஓடிபிய யாருக்கும் குடுக்காதீங்கன்னு மேல டீச்சருக்கு சொல்லிட்டு இங்க மகனுக்கு சொல்லுங்கங்கிறேனேனு கேப்பீங்க. பக்கத்துல உக்கார வச்சு, என்ன பில், எவ்வளவுனு கேட்டுட்டு சொல்றது வேற, போன்ல எவனோ கேட்டு சொல்றது வேற. அதுவும் வேணாம்னா பில்லுக்கான காச மாசத்துக்கு ஒரு தடவ மகன்ட கணக்குக்கு போட்டு விட்டுட்டு, கார்ட உங்க கையில வாங்கி பின் நம்பர மாத்திருங்க. சம்பளச் சிட்டையையும் தூக்கிப் போடாதீங்க, அதுல உங்க பக்கத்துல 8 வீதம் ஈபிஎஃப், அதாவது ஓய்வு காலத்துக்கான சேமிப்பு, வெட்டியிருப்பாங்க, தோட்டம் தன் பக்கத்துல 12 வீதம் போடணும். ஒரு தகர டப்பாவுல எல்லா சிட்டையும் போட்டு வைங்க.

சீட்டுக் காச போன்ல கட்டினாலும் சீட்டு புடிக்கிற அம்மாகிட்ட கொப்பியில கையெழுத்து வாங்குங்க. சீட்டு நம்பிக்கையில ஓடுற விஷயம், ஆனா பேர் தெரியாம போன காசுக்கு அங்க சாட்சி ஒன்னும் இல்ல.

கேள்வி: சின்ன பலசரக்கு கடை வச்சிருக்கேன். சாமான் கொண்டு வர்ற கொம்பனி லொறிக்கு 30 நாள் தள்ளி தேதி போட்ட செக் குடுப்பேன். வீட்டு பில், பிள்ளையோட கிளாஸ் காசு எல்லாம் அதே கணக்குல இருந்து ஒன்லைன்ல போகுது. போன மாசம் ஒரு செக் திரும்பிருச்சு, மானம் போச்சு. செக்க விட்டுறவா? (வாசகர், மஸ்கெலியா)

மொதலாளி, செக்க விடுறீங்களோ இல்லையோ, ஒரே கணக்க விடுங்க. கடைக்கு ஒன்னு, வீட்டுக்கு ஒன்னு. உங்களுக்கு நடந்தது இதுதான்: செக் குடுத்தது 1ஆம் தேதி, காசு போறது 30ஆம் தேதி, நடுவுல ஆப்ப தொறந்து பாத்தா கணக்குல காசு சிரிச்சுக்கிட்டு இருக்கு, அது கொம்பனிக்காரனோட காசுனு ஆப் சொல்லாது. பழைய ஆளுங்க செக் எழுதின நிமிஷமே அடிக்கட்டையில கழிச்சுருவாங்க, மிச்சம் மட்டும்தான் தன்னோடதுனு எண்ணுவாங்க. நீங்களும் அப்பிடித்தான் செய்யணும், குடுத்த அன்னைக்கே காசு போயிருச்சுனு வைங்க.

மானம் மட்டும் இல்ல, சட்டமும் இருக்கு. கணக்குல காசு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே செக் எழுதுறது 1990ஆம் ஆண்டு 2ஆம் இலக்க கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்துல குற்றம். நீங்க தெரிஞ்சு செய்யல, ஆனா அடிக்கடி நடந்தா யாரு நம்புவா. காசு பத்தாதுனு ரெண்டு நாளைக்கு முன்னயே தெரிஞ்சா கொம்பனி ரெப்புக்கு போன் பண்ணி சொல்லுங்க, தள்ளிப் போட சொல்லி கேட்டு வாங்கலாம், திரும்பின பிறகு கெஞ்சுறது வேற விஷயம். அப்பறம், அடுத்தவங்க உங்களுக்கு குடுக்கிற செக்க லாச்சியில தூங்க வைக்காதீங்க, எழுதின தேதியில இருந்து 6 மாசம் தாண்டினா பேங்க் எடுக்காது.

கேள்வி: ஆப்ல கரண்ட் பில் கட்டும்போது நம்பர்ல ஒரு இலக்கம் பிழைச்சு வேற யார் பில்லோ கட்டிட்டேன். காசு வருமா? (வாசகர், வெலிமடை)

யாரோ ஒருத்தர் வீட்டுல இந்த மாசம் சந்தோஷமா டீ குடிச்சிருப்பாங்க. மின்சார சபை கணக்கு நம்பர் 10 இலக்கம், ஒன்னு மாறினாலும் இன்னொருத்தர் கணக்குதான். ரிசீட்ட பிரிண்ட் எடுத்துட்டு உங்க பில்லோட மின்சார சபை ஒபிசுக்கு போயி எழுத்துல குடுங்க, அதே நேரம் பேங்குக்கும் அறிவிங்க. மின்சார சபைக்குள்ளேயே காசு நிக்கிறதால மாத்திக்கிறதுக்கு வழி இருக்கு. ஆனா தனியாள் கணக்குக்கு பிழையா போட்டிருந்தா அது வேற கதை, காசு போறது கணக்கு நம்பர வச்சு, நீங்க அடிச்ச பேர வச்சு இல்ல, வாங்கினவர் சம்மதிக்காம பேங்க் பிடுங்கிக் குடுக்க முடியாது. பேங்க் உங்க முறைப்பாட்ட கண்டுக்கலன்னா மத்திய வங்கியோட 1935ங்கிற போன் நம்பருக்கு எடுங்க.

நானும் ஒரு தடவ மாட்டிக்கிட்டேன், வேற மாதிரி. கட்டும்போது சிக்னல் வெட்டிருச்சு, போகலன்னு நெனச்சு திரும்ப அடிச்சேன், ரெண்டு தடவ போயிருச்சு. வீட்டம்மா ஒரு வாரம் சிரிச்சாங்க. அடுத்த மாச பில்லுல கழிஞ்சு வந்துச்சு. இப்ப சிக்னல் வெட்டினா கைய கட்டிக்கிட்டு மெசேஜ் வர்ற வரைக்கும் இருப்பேன், இல்லாட்டி மிச்சத்த பாத்துட்டுதான் திரும்ப அடிப்பேன். உங்களுக்கும் சொல்றேன், ஒரு தடவ சரியா போன நம்பர ஆப்லயே சேவ் பண்ணி வச்சிருங்க, மாசாமாசம் புதுசா அடிக்காதீங்க.

கேள்வி: மகன் நியூசிலாந்துல இருக்கான், அங்க செக்கே இல்லையாம். இங்கயும் நிப்பாட்டிருவாங்களா? (வாசகர், ஹட்டன்)

உண்மைதான், 2021ஓட அங்க பெரிய பேங்க் எல்லாம் செக்க நிப்பாட்டிட்டாங்க. அமெரிக்காவுல இன்னும் எழுதுறாங்க, ஆனா அரசாங்கம் 2025 செப்டம்பர் 30ஓட கடதாசி செக் குடுக்கிறத பெரும்பாலும் விட்டுருச்சு. அங்க ஒரு வேடிக்கை, நீங்க ஒன்லைன்ல பில் கட்டினாலும் வாங்குறவங்ககிட்ட அந்த வசதி இல்லாட்டி பேங்கே உங்க பேர்ல ஒரு செக்க அச்சடிச்சு தபால்ல போடும். நம்ம ஊர்ல வியாபாரம் பாதி தேதி போட்ட செக்குலதான் ஓடுது, மேல மஸ்கெலியா மொதலாளிய பாத்தீங்கதானே, அதனால நாளைக்கே நிக்கும்னு பயப்பட வேணாம்.

கேள்வி: எல்லாம் போன்ல கட்டப் பழகிட்டோம். வீட்டுல கைக்காசு வச்சிருக்கணுமா? (வாசகி, நுவரெலியா)

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க? ரோடு மண்ணுக்குள்ள, கரண்ட் இல்ல, டவர் இல்ல. கணக்குல காசு இருந்தவங்களும் கடையில ஒரு கிலோ அரிசிக்கு கடன் சொன்னாங்க, ஆப்பும் ஒன்னுதான் செக்கும் ஒன்னுதான் அன்னைக்கு. பில் எல்லாம் போன்லயே கட்டுங்க, போயா நாள்லயும் ராத்திரியிலயும் போகுது, பஸ் காசு மிச்சம். ஆனா ரெண்டு வாரத்துக்கு அரிசி, மாவு, பருப்பு, மருந்து வாங்க எவ்வளவு போகும்னு எண்ணி அந்த காச வீட்டுல வைங்க, அதுவும் 100, 500 தாளா வைங்க. 5,000 ரூபா தாள நீட்டினா அந்த மாதிரி நாள்ல மாத்த சில்லறை எந்த கடையிலயும் இருக்காது.