மகள் தொல்லியல் படிக்கலாமா? கட்டுமான இட ஆய்வு என்னும் வேலையைப் பற்றிக் கோத்தகிரிப் பெற்றோருக்கு

பிளஸ் டூ முடித்த மகள் தொல்லியல் படிக்க விரும்புகிறார், இன்ஜினியரிங் சீட் கைவசம் இருக்கும்போது இதை எப்படி ஒப்புக்கொள்வது என்று கேட்கிறீர்கள். முதலில் வேலை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தொல்லியலில் நிரந்தர அரசுப் பணியிடங்கள் குறைவு. மாநிலத் தொல்லியல் துறையின் தொல்லியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது, ஆனால் ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று நம்பியிருக்க முடியாது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் மேல்நிலைப் பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது, அதிலும் இடங்கள் கொஞ்சம்தான். இவற்றை மட்டும் மனதில் வைத்தால் உங்கள் தயக்கம் நியாயமானது.

ஆனால் பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொரு வேலை இருக்கிறது. சாலை, மருத்துவமனை, குடிநீர்த் தொட்டி, துணைமின் நிலையம் என்று அரசு எதையாவது கட்டுவதற்கு முன் அந்த நிலத்தில் பழந்தடயம் உண்டா என்று நடந்து பார்த்து அறிக்கை தருவது. இது ஒப்பந்த வேலை. நீலகிரியிலும் பழனி மலையிலும் இதற்குத் தேவை இருக்கிறது, செய்யத் தெரிந்தவர்கள் போதவில்லை. மகள் இதற்குப் பொருந்துவாரா என்று தீர்மானிக்க, அந்த வேலையில் என்னென்ன அடங்கும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் அமர்த்துகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் எல்லாக் கட்டுமானத்துக்கும் தொல்லியல் ஆய்வு கட்டாயம் என்று ஒரு பொதுச் சட்டம் இல்லை. பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம் ஒன்றின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும் திட்டங்களுக்கான விண்ணப்பத்தில் தொல்லியல் இடங்கள் பற்றிய கேள்வி உண்டு. ஆனால் கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால்தான் அந்த அறிவிக்கைக்குள் வரும், மலையில் கட்டப்படும் பெரும்பாலானவை அதற்கும் கீழே. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடனில் நடக்கும் திட்டங்களில் பண்பாட்டு மரபு குறித்த நிபந்தனைகள் இருக்கின்றன. ஒப்பந்த வாய்ப்புகள் முக்கியமாக அங்கிருந்துதான் வருகின்றன. சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் ஒன்று மொத்தப் பணியை எடுத்து, தொல்லியல் பகுதிக்குத் தனியாக ஒருவரை அமர்த்தும். ஆகவே மகளுக்கு வேலை கொடுக்கப்போவது பெரும்பாலும் தொல்லியல் துறையாக இருக்காது, இப்படிப்பட்ட நிறுவனமாகவோ ஒரு பொறியியல் பிரிவாகவோ இருக்கும். அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதத் தெரிந்தவரைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

எப்போது கூப்பிடுகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விரிவான திட்ட அறிக்கை தயாராகும் கட்டத்தில் ஆய்வாளர் வந்தால், சாலையின் கோட்டைப் பத்து மீட்டர் நகர்த்துவது வரைபடத்தில் ஒரு திருத்தம், அவ்வளவுதான். ஒப்பந்தப்புள்ளி முடிந்து ஜேசிபி ஏறிய பிறகு அதே பத்து மீட்டருக்கு எஸ்டிமேட், நில எடுப்பு, வனத்துறை அனுமதி எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். அதனால் அந்த நிலையில் வரும் தொல்லியல் ஆய்வாளரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது "ஒன்றுமில்லை" என்ற ஒரு தாளை மட்டுமே. அந்தத் தாளில் கையெழுத்துப் போட மறுக்கும் துணிவு இந்தத் தொழிலில் தேவைப்படும். இதை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் பகுதி மேசையில். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள்கள் (நீலகிரிக்கு 58 ஏ வரிசை, கொடைக்கானல் பக்கத்துக்கு 58 எஃப்), கிராமத்தின் புலப்படம் (சர்வே எண்களின் எல்லை காட்டும் வரைபடம்), அ-பதிவேடு (ஒவ்வொரு நிலத்தின் வகையும் உரிமையும் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு), செயற்கைக்கோள் படம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய பதிவுகளையும் படிக்க வேண்டும். நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் கற்குவைகளை (கல்லைக் குவித்து எழுப்பிய பழங்காலக் கல்லறைகளை) தோண்டி எழுதியது 1873-இல் நூலாக வந்தது, அவர் எடுத்த பொருள்களில் பல சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழனி மலைக் கல்திட்டைகளை (பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிய ஈமச்சின்னங்களை) பற்றி ஆங்கிலாது பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் எழுதிய ஆய்வு 1928-இல் வெளியானது. அதே மலையின் தாண்டிக்குடியில் அகழாய்வே நடந்திருக்கிறது. பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் ஒரு கல்லறையில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று காலக்கணிப்பு வந்தது. ஆகவே "இந்த மலையில் என்ன இருக்கப்போகிறது" என்று ஓவர்சீயர் கேட்டால் பதில் சொல்லக் கையில் சான்று இருக்கும்.

அடுத்து நடை. ஒரு கிலோமீட்டர் சாலை, இருபுறமும் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 6 ஹெக்டேர். 10 மீட்டருக்கு ஒரு கோடு என்று நடந்தால் 6 கோடுகள், 6 கிலோமீட்டர். சமவெளியில் இது அரை நாள். சரிவில், புல்லுக்குள், குறிப்பு எழுதிப் படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரு முழு நாள் ஆகும். அடர்ந்த புல் என்றால் கோடுகளை 5 மீட்டராக நெருக்க வேண்டும், நேரமும் இரட்டிக்கும். அதிலும் ஒரு விஷயம்: திட்டத்தின் எல்லைக்குள் மட்டும் நடப்பது போதாது. மண் எடுக்கும் இடம், மண் கொட்டும் இடம், தற்காலிக அணுகுசாலை, தொழிலாளர் கொட்டகை, கலவை இயந்திரம் நிற்கும் இடம் ஆகியவை பணி வரையறையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். மலையில் கல்லறைகள் அழிவது அதிகமும் இங்கேதான், ஏனென்றால் ஓரளவு சமமான மேட்டுத் தரை இரண்டுக்கும் ஏற்றது: அன்றைக்கு ஈமக்கல் வைக்க, இன்றைக்கு லாரி நிறுத்த. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இந்த இடங்களை எழுத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் செடி மூடிய தரையில் ஒன்றும் தெரியாது. எந்தப் பகுதியில் இந்த ஆண்டு கவாத்து எடுத்திருக்கிறார்கள் என்று மேலாளரிடம் கேட்டு அங்கே முதலில் போக வேண்டும். தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டங்களில் சருகுதான் தடை. புதிதாக வெட்டிய குழிகளின் விளிம்பிலும் மண் சரிந்த வெட்டு முகத்திலும் கருப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகள் தலைகாட்டும். சரிவின் அடியில் ஓடு கிடைத்தால் உடனே அங்கே புள்ளி வைக்கக் கூடாது. மழை அதை மேலிருந்து உருட்டி வந்திருக்கும், ஆகவே ஏறிப் போய் மூலத்தைத் தேட வேண்டும். பருவமும் முக்கியம். உதகைப் பக்கம் பனியில் புல் காய்ந்துவிடும் ஜனவரி முதல் மார்ச் வரை கல்வட்டங்கள் (கல்லறையைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) நன்றாகத் தெரியும், அதுவும் காலை மாலைச் சாய்வெயிலில். ஜூலை மூடுபனியில் நடந்துவிட்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுதுவதில் பொருளே இல்லை. அதனால்தான் நல்ல அறிக்கையில் ஒவ்வொரு கோட்டிலும் தரை எத்தனை சதவீதம் கண்ணுக்குத் தெரிந்தது என்பது பதிவாகியிருக்கும். அது இல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே மதிக்க மாட்டேன்.

இந்த மலைக்கே உரிய குழப்பங்கள் சில உண்டு. தோதவர்களின் எருமைத் தொழுவங்கள் வட்டமான கற்சுவர் கொண்டவை. தோட்டம் திருத்தும்போது பொறுக்கிப் போட்ட கற்குவியலும், பழைய நில அளவைக் குறியீட்டுக் கல்லடுக்கும் தூரத்திலிருந்து கற்குவை போலத் தெரியும். ஈமவட்டத்தின் கற்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கிச் சாய்ந்து நிற்கும், நடுவில் யாரோ முன்பு தோண்டிய பள்ளம் இருக்கும், பலகைக் கல்லின் விளிம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். பொறுக்கிப் போட்ட குவியலில் கற்கள் மேலாகவே கிடக்கும். சந்தேகம் வந்தால் அதைத் தீர்ப்பவர்கள் ஊர்க்காரர்கள். ஹட்டியின் (படகர் ஊரின்) பெரியவர்கள், மந்தில் (தோதவர் குடியிருப்பில்) இருப்பவர்கள், கோத்தர், குறும்பர், இருளர், பழனிப் பக்கம் பளியர், புலையர் ஆகியோரிடம் பேசாமல் எந்த வரைபடமும் முழுமை பெறாது. "பாண்டவர் வீடு", "குள்ளர் வீடு" என்று அவர்கள் காட்டும் இடத்தில் கல்திட்டை இருக்க வாய்ப்பு அதிகம். இன்றும் சடங்கு நடக்கும் இடங்களுக்கு அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக் கூடாது. படம் எடுப்பதற்கும் கேட்டாக வேண்டும்.

தோண்டலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது, மண்வெட்டியால் ஒரு சின்னச் சோதனைக் குழி கூட. ஆனால் பொறியாளர்கள் மண்பரிசோதனைக்காகக் குழி வெட்டுவார்கள். அந்த நாளைத் தெரிந்துகொண்டு அருகில் நின்று வெட்டு முகத்தைப் பார்த்துப் பதிவு செய்வதற்குத் தடையில்லை. காடு என்றால் வனத்துறை அனுமதியும் வனக் காவலரின் துணையும் அவசியம். யானையும் காட்டெருமையும் நடமாடும் இடத்தில் தனியாக நடக்கும் வேலை இது இல்லை, பாதுகாப்பு பற்றி நீங்கள் கவலைப்படுவது சரிதான். இரண்டு பேருக்குக் குறைவான குழுவுக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது.

கருவிகள் அதிகமில்லை. கையடக்க ஜி.பி.எஸ். வெட்டவெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை பிழை காட்டும், சோலைக்குள் அது இன்னும் கூடும். அதனால் நாடாவும் திசைகாட்டியும் வைத்து, தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து அளந்து சரிபார்க்க வேண்டும். 10 செ.மீ. அளவுகோல், ஒரு மீட்டர் கம்பு, வடக்கு அம்புக்குறி ஆகிய மூன்றும் இல்லாத படம் அறிக்கையில் பயன்படாது. ஆள்கூறுகளை (இடத்தின் நிலை காட்டும் எண்களை) ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில், யு.டி.எம். கட்டத்தின் 43 வடக்கு மண்டலத்தில் கொடுத்தால் பொறியாளர் அப்படியே தன் வரைபடத்தில் ஏற்றிக்கொள்வார். கல்லறைகளின் துல்லியமான இடத்தைப் பொது அறிக்கையில் போடாமல் தனி இணைப்பில் துறைக்கு மட்டும் தர வேண்டும், இல்லாவிட்டால் புதையல் தேடுபவர்களுக்கு நாமே வழிகாட்டியது ஆகும்.

வேலை தொடங்கிய பிறகு ஏதாவது வெளிப்பட்டால் என்ன செய்வது என்ற பக்கமும் அறிக்கையில் இருக்க வேண்டும்: இயந்திரத்தை நிறுத்துவது, கயிறு கட்டுவது, தார்ப்பாய் போர்த்துவது, எதையும் பிடுங்காமல் இருப்பது, அன்றே ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிப்பது. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு அறிவித்தே ஆக வேண்டும். எலும்பு என்றால் வட்டாட்சியரும் காவல் நிலையமும் கூட.

பணம். புதியவர்கள் களத்தில் நிற்கும் நாள்களுக்கு மட்டும் கூலி சொல்லி ஏமாந்துபோகிறார்கள். இரண்டு நாள் களப்பணிக்கு மேசை ஆய்வு மூன்று நாள், வரைபடமும் அறிக்கையும் நான்கைந்து நாள், பொறியாளர் கேட்கும் திருத்தம் ஒரு நாள் என்று மொத்தம் பத்துப் பதினொரு நாள் கணக்கிட வேண்டும். தொகையை மூன்று தவணையாக, கடைசித் தவணையை அறிக்கை ஒப்படைப்போடு இணைத்து எழுதிக்கொள்ளலாம். திட்ட அனுமதி கிடைப்பதோடு இணைக்க ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. அப்படிச் சம்மதித்தால் "ஒன்றுமில்லை" என்று எழுதுவதற்கே கூலி வாங்கியது போல ஆகிவிடும். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. ஆண்டில் சில மாதங்கள் வேலையே இருக்காது, முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வீட்டின் ஆதரவு தேவைப்படும். இதை மறைக்காமல் சொல்வதுதான் சரி.

படிப்பு விஷயத்தில் என் கருத்து: இளநிலையில் வரலாறு மட்டும் என்று இல்லை, புவியியலோ நிலவியலோ படித்தாலும் நல்லது. சிவில் இன்ஜினியரிங் சீட்டை விடவே மனமில்லை என்றால் அதையும் முடித்துவிட்டு வரலாம். முதுநிலைத் தொல்லியலைச் சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புணே டெக்கான் கல்லூரி, பரோடா பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் படிக்கலாம். அதன்பின் கிரேட்டர் நொய்டாவில் உள்ள தொல்லியல் நிறுவனத்தின் இரண்டு ஆண்டுப் பட்டயமும் உண்டு. ஆனால் நிறுவனங்கள் கேட்பது பட்டத்தை மட்டும் இல்லை. க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் வரைபடம் போடத் தெரிய வேண்டும், மட்பாண்ட ஓடுகளை வரையத் தெரிய வேண்டும், மண்ணடுக்கு படிக்கத் தெரிய வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு பக்கம் தெளிவாக எழுத வேண்டும். ஏதாவது ஓர் அகழாய்வில் ஒரு பருவமாவது முழுதாக இருந்திருக்க வேண்டும். படக மொழி பேசத் தெரிந்திருந்தால் இந்த மலையில் அது பெரிய பலம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விடுமுறையில் உங்கள் ஊர்ப் புலப்படத்தின் நகலை எடுத்து, தெரிந்தவர் தோட்டத்தில் அவர் அனுமதியோடு ஒரு ஹெக்டேரை 10 மீட்டர் கோடுகளாக மகளை நடக்கச் சொல்லுங்கள், கூடவே நீங்களும் நடங்கள். எதையும் எடுக்கவோ தோண்டவோ வேண்டாம். பார்த்ததை ஒரு வரைபடத்தில் குறித்து இரண்டு பக்கம் எழுதட்டும். அதை இரண்டாம் முறை திருத்தி எழுதவும் அவருக்கு ஆர்வம் இருந்தால் விண்ணப்பம் போடலாம்.