கனவில் இருக்கிற வளவு: கேட்டவைக்கு என்ர பதில்

மனதில வைச்சிருக்கிற தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கோ எண்டு சொல்லியிருந்தன். எனக்குத் தெரிஞ்சது யாழ்ப்பாணத்து மண்ணும் தண்ணியும்தான். அதுக்குள்ள வாறதுக்கு விரிவாச் சொல்லுறன்.

கொக்குவில்: அக்கா, ரெண்டு பரப்புக் காணி. ஆண்டு முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டும் காய்ச்சுக்கொண்டும் இருக்கோணும். எப்பிடி யோசிக்கிறது?

தங்கச்சி, சித்திரையில கணக்குத் தொடங்காதேங்கோ. எங்கட தோட்டத்துக்கு ஆண்டு பிறக்கிறது ஐப்பசியில. ஆண்டு மழை ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர். பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில கொட்டித் தீர்ந்திடும். மிச்ச மாதமெல்லாம் அந்தத் தண்ணியிலதான் சீவியம்.

முதல் மழைக்கு மண் நல்லா நனைஞ்ச பிறகு மரக்கண்டுகளை வையுங்கோ. கார்த்திகையில கார்த்திகைப்பூ தானாகவே வேலியில ஏறும். விடுங்கோ, ஆனால் கிழங்கு நஞ்சு, சின்னப் பிள்ளையள் தோண்டாமல் பாருங்கோ. வாடைக்காற்றும் பனியும் இருக்கிற மார்கழி, தை மாதங்கள் கரட், பீற்றூட், கோவா, போஞ்சிக்கு உரியது. மல்லிகையை மார்கழி முடிவில கட்டையா வெட்டிவிட்டால் பங்குனியில இருந்து பூத்துத் தள்ளும். தையில மா பூக்கும். அந்த நேரம் மாவுக்குத் தண்ணி கனக்க விடாதேங்கோ. முந்தின சித்திரை, வைகாசியில நட்ட இராசவள்ளிக் கிழங்கையும், பனம்பாத்தியில இருந்து கிழங்கையும் தை மாசியில கிண்டலாம்.

பங்குனி, சித்திரையில வேம்பு பூக்கும். விடியக் கீழ சீலை விரிச்சுவிட்டால் வடகத்துக்குப் பூச் சேர்ந்திடும். வைகாசி, ஆனி கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் நுங்குக்கும். அப்பவே சோளகமும் (தென்மேற்குக் காற்று) பிறந்திடும். வாழை இலையைக் கிழிக்கும், பாத்தியைக் காய வைக்கும். அந்த மாதங்களில மரத்தைத்தான் நம்போணும், மரக்கறியை இல்லை. கிணற்றடியில ஓடுற தண்ணிக்கு ரெண்டு கதலி வாழையும் வல்லாரையும் காணும். ஆவணியில பனம்பழம் விழும், புரட்டாதியில விதையை அடுக்கிப் பாத்தி போட்டு, மழைக்கு முதல் குழை தாழ்த்து விடுங்கோ.

கனடா: ஊர் வீட்டைத் திருத்துறம். முன்பக்கம் செரிப் பூமரம் வைக்க ஆசை. வருமா?

வராது. அது பூக்கிறதுக்குக் குளிர்காலம் வேணும். அந்த நிறம்தான் ஆசையெண்டால் வேலியில நிக்கிற சீமைக்கிளுவையில கொஞ்சத்தை ஒரு வருசம் வெட்டாமல் விடுங்கோ. தை, மாசியில இலை கொட்டி, கொப்பு முழுக்க இளஞ்சிவப்பாப் பூக்கும்.

மானிப்பாய்: தோட்டத்துக்குக் குழாய்க் கிணறு அடிச்சால் ஆழத்தில நிறையத் தண்ணி வரும்தானே?

ஆழத்தில இருக்கிறது உப்பு. இதை எத்தினை தரம் சொன்னாலும் எனக்குக் காணாது.

எங்களுக்கு ஆண்டு முழுக்க ஓடுற ஆறு இல்லை. மழை சுண்ணக்கல்லுக்குள்ள இறங்கி, கடல் தண்ணிக்கு மேல பாரம் குறைஞ்ச நல்ல தண்ணியா மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல அது ஒரு அடி நிண்டால், கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். இந்தக் கணக்கு மற்றப் பக்கமும் வேலை செய்யும்: மேல ஒரு அடி இறைச்சுக் குறைச்சால் கீழ உப்பு 40 அடி வரைக்கும் ஏறப் பார்க்கும். ஏறின உப்பு லேசில இறங்காது, பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்து போகும். நிலாவரை ஆழ்கிணற்றில மேல நல்ல தண்ணியும் ஆழத்தில உப்பும் இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

பதிலாக் கூரையைப் பாருங்கோ. 1,000 சதுர அடிக் கூரையில ஆண்டுக்கு ஒரு லட்சம் லீற்றருக்கு மேல விழுகுது. அதைப் பீலி வைச்சுப் பிடிச்சு, கிணற்றுக்குப் பக்கத்தில ஒரு கிடங்கில இறக்கிவிடுங்கோ.

சுன்னாகம்: எக்சோரா இலை மஞ்சளாப் போகுது, நரம்பு மட்டும் பச்சை.

இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கேல்லை. எங்கட கிணற்றுத் தண்ணியில சுண்ணாம்பு கூட. சாடியில வைச்சு மழைத்தண்ணி விடுங்கோ, மக்கின எரு போடுங்கோ. யூரியா போடாதேங்கோ, அது இதுக்கு மருந்தில்லை, மிச்சம் நைத்திரேற்றாக் கிணற்றுக்குத்தான் போகும்.

நல்லூர்: முத்தத்தில புற்றரை போடலாமா? (இன்னும் மூண்டு பேரும் இதையே கேட்டிருக்கினம்.)

சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும் நாளாந்தம் தண்ணி விட ஏலுமெண்டால் போடலாம். அந்தத் தண்ணி எங்க இருந்து வருகுது எண்டு மேல சொல்லியிருக்கிறன். கூட்டின வெறும் முத்தத்தில ஒரு வேம்பு நிண்டால் அதுவே வடிவு.

உரும்பிராய்: சுத்திவர மதில் கட்டினாப் பிறகு மரம் வைக்கிறதோ, முதலோ?

மதில் வேண்டாம், வேலி போடுங்கோ. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை, இடைக்கிட ஆடாதோடை. வெட்டுற குழை முழுக்கப் பாத்திக்குப் பசளை.

நல்லூர்: அக்கா, வேலியெண்டால் வருசத்துக்கு ஒரு சாண் அரக்குவினம். கோட்டுக்கு ஏறி இறங்கினவைக்குத்தான் தெரியும்.

கரவெட்டி: அடைக்க ஆள் இல்லை, கிடுகு விலை. மாடு வந்து முழுக்கத் திண்டிட்டுப் போகுது. மதில்தான் சரி.

கொக்குவில்: எங்கட வளவில மதில் கட்டின பிறகு சோளகத்துக்கு முருங்கை முறிஞ்சு விழுந்திட்டுது. முதல் அப்பிடி நடக்கேல்லை.

தங்கச்சி சொல்லுறதில காரணம் இருக்கு. வேலி காற்றை வடிச்சு விடும். மதில் மறிக்கும், மறிச்ச காற்று மேலால ஏறி உள்ளுக்குச் சுழண்டு அடிக்கும். கடற்கரைப் பக்கம் அது உப்பையும் கொண்டுவந்து இலையில போடும்.

நல்லூர்த் தம்பி, எல்லைச் சண்டை உண்மை, அதில குடும்பங்கள் அழிஞ்சது எனக்கும் தெரியும். அதுக்கு நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக்கல் போடுங்கோ. கல்லுக்கு ஒரு முழம் உள்ளுக்கு வேலியை நடுங்கோ. கரவெட்டி ஐயா, மாடு வாற பக்கம் முள்ளுக்கம்பி இழுங்கோ, கதியால்களை (வேர் விட்டு வளருற கொப்புத் தடிகளை) அதுக்குத் தூணா நடுங்கோ. கதியால் ஐப்பசியில நட்டால் தண்ணி விடத் தேவையில்லை. கிடுகில்லாமலே கிளுவை நெருக்கமா வரும்.

நல்லூர்: வீட்டில ஆள் இல்லாத வளவுக்கு?

அதுக்கு மதில் வேணும், ஒத்துக்கொள்ளுறன். அப்பவும் அடியில தண்ணி போக வழி விட்டுக் கட்டுங்கோ. உள்ளுக்கு வரிசையாப் பூவரசு வையுங்கோ.

லண்டன்: முத்தத்துக்குச் சீமெந்துக் கல்லுப் பதிக்கலாமா?

வேண்டாம். மழை கிணற்றுக்குப் போகோணும்.

மானிப்பாய்: ஓர்க்கிட் வளர்க்கிறது எப்பிடி?

எனக்குப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில விவசாயத் திணைக்களத்தில கேளுங்கோ.

கோப்பாய்: மாரியில பெரிய நத்தை எல்லாக் கண்டையும் தின்னுது.

ஆபிரிக்க நத்தை. பொழுதுபட்ட பிறகு கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணி வாளியில போட்டுத் தாழுங்கோ. வெறுங்கையால தொடாதேங்கோ, அதில ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். பாத்தியில உப்புத் தூவக் கூடாது.

உரும்பிராய்: சரி அக்கா, வேலிதான். கதியால் எவ்வளவு நீளம்?

ஆளுயரம். கைமொத்தத்தில, முத்தின கொப்பா எடுங்கோ. அடியைச் சரிவா வெட்டி, ரெண்டு நாள் நிழலில போட்டு, ஒன்றரை அடி தாழ்த்து இறுக்குங்கோ. ஒண்டு ரெண்டு முள்முருக்கும் சேருங்கோ. வீட்டில கல்யாணம் வரேக்க கன்னிக்காலா நட ஆரிட்டையும் கொப்புக் கேட்கத் தேவையில்லை.