கூத்துத் திடலில் யார் யாருக்கு இடம்?

அன்புள்ள ஐயா,

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். பொங்கல் கழிந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு நாட்டுப்புற இசை இரவு நடத்தப் போகிறோம். பறையாட்டம், தெருக்கூத்து, வில்லுப்பாட்டு மூன்றும் உண்டு. என் அண்ணி சக்கர நாற்காலியில் இருப்பவர். எங்கள் குழுவிலேயே ஒரு நண்பருக்குப் பார்வை கிடையாது. இவர்களுக்கெல்லாம் என்ன ஏற்பாடு என்று கூட்டத்தில் கேட்டேன். “நாட்டுப்புறக் கலை எல்லாருக்கும் பொதுதானே, இதுல தனியா என்னப்பா இருக்கு?” என்று ஒரு பெரியவர் பேச்சை முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கையில் பெரிய தொகையும் இல்லை. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெரியவர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை நாம்தான் மேடை கட்டித் தொலைத்தோம்.

கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, வேஷக்காரர் வெளியே வருமுன்பே தான் யார், எப்பேர்ப்பட்டவன் என்று பாடிவிடுகிறார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து “நீ யாரு, எந்த ஊரு?” என்று குடைகிறான். துரியோதனனே ஆனாலும் தன் பெருமையை வாயால் சொல்லியாக வேண்டும். கண் தெரியாத ஒருவர் திடலோரம் உட்கார்ந்து கேட்டாலே யார் வந்தார், யார் போனார் என்பது தெரிந்துவிடும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் ஆமாம் போட்டு, கதையைப் பாடி நடத்தும் புலவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதிலும் இதே வசதி உண்டு. விடிய விடிய நடக்கும் கூத்துக்கு அசையாமல் உட்கார வேண்டும் என்ற சட்டமும் கிடையாது. பாயில் படுத்துக்கொள்ளலாம், எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். எழுந்து ஓடும் ஆட்டிசம் குழந்தையை அந்தக் கூட்டம் முறைக்காது.

நகரத்து மேடைக்காகக் கூத்தை ஒரு மணி நேரமாக நறுக்கும்போது கத்தி முதலில் விழுவது திரைக்குப் பின்னாலிருந்து பாடும் அந்தப் பாட்டின் மீதும் கட்டியங்காரன் பேச்சின் மீதும்தான். சண்டையும் சுழன்றாடுவதும் மட்டும் மிஞ்சும். ஆகவே கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம், “நேரம் குறைவு, ஆனால் இந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது.

இனி பெரியவர் சொல்லாமல் விட்ட பாதி. மகாபாரதக் கதைகளைச் சொல்லும் பாரதக் கூத்து ஆடும் இடமே திரௌபதி அம்மன் கோயில் திடல். 2023-இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதியினரை உள்ளே விட மறுத்த தகராறில் அப்படியொரு திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சாய்தளம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நிகழ்ச்சி எந்தத் தெருவில் என்று கேளுங்கள். காலனியிலிருந்து வருகிறவர்கள் தயங்காமல் வந்து முன்வரிசையில் உட்காரக்கூடிய இடமா? பறை அடிப்பவர்களை ஊர்வலத்தோடு அனுப்பிவிட்டு, மற்ற குழுக்களை மட்டும் மேடையேற்றும் பழக்கம் உங்கள் ஊரிலும் இருந்தால் அதை இந்த முறை நிறுத்துங்கள். சம்பளமும் சாப்பாடும் எல்லாக் குழுவுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சென்னையில் 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா மீனவர் குடியிருப்புக்குள்ளேயே நடந்தது. பாட்டு கேட்க வந்தவர்கள் குப்பத்துக்கு நடந்து வர வேண்டியிருந்தது. அது சரியான திசை.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைக் கையில் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. காஞ்சிபுரம் பக்கத்தில், தெருக்கூத்தையே கட்டைக்கூத்து என்று அழைக்கும் கட்டைக்கூத்து குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் வேஷம் கட்டக் கற்றுக்கொடுத்தது. கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்ததுதான் வழக்கம். நீங்கள் அழைக்கும் குழுக்களில் பெண்கள் இருந்தால், அவர்கள் உடை மாற்ற இடமும் கழிவறையும் எங்கே என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

உங்கள் அண்ணிக்கு வருவோம். மேடையே வேண்டாம். ஆட்டம் தரையில் நடக்கட்டும், கூட்டம் மூன்று பக்கமும் உட்காரட்டும். மணலும் உழுத மண்ணும் சக்கரத்தை விழுங்கிவிடும், கெட்டித் தரை பாருங்கள். பிரமுகர்களுக்குப் போடும் சோபாவை எடுத்துவிட்டால் முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் தானாகக் கிடைக்கும். (சோபாவை எடுப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே கஷ்டமான வேலை, எனக்குத் தெரியும்.) கழிவறைக்குப் போகும் வழியில் படி இருந்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண். அதைச் சரிசெய்யப் பஞ்சாயத்து தயங்கினால், பண்பாட்டு வாழ்க்கையில் மாற்றுத்திறனாளிகள் சமமாகப் பங்கேற்பதை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது என்று எடுத்துக்காட்டலாம்.

பார்வையற்றவர்களை அரிதாரம் பூசும் நேரத்திலேயே வரச் சொல்லுங்கள். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, சலங்கை எல்லாவற்றையும் கலைஞர்களின் சம்மதத்தோடு தொட்டுப் பார்க்கட்டும். தீயில் காய்ச்சிய பறையின் தோலையும்தான்.

காது கேளாதவர்களுக்கு ஏற்பாடு கேட்டால், “அவங்க அதிர்வை உணர்ந்துக்குவாங்க” என்று சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிச்சலாக இருக்கும். பறைக்கு அதிர்வு சரி, பாட்டின் வரிகளை எந்த அதிர்வு சொல்லும்? உங்கள் செலவில் ஒரே ஒரு பெரிய தொகை ஒதுக்க முடியுமென்றால் சைகைமொழி பெயர்ப்பாளருக்கு ஒதுக்குங்கள். பாட்டு வரிகளை முன்பே கொடுத்து, அவரைக் கட்டியங்காரனோடு ஒரு சாயங்காலம் உட்கார வையுங்கள். கட்டியங்காரன் அன்றன்றைக்குச் சேர்க்கும் நக்கலை முன்தயாரிப்பு இல்லாமல் யாராலும் சைகையில் பிடிக்க முடியாது. பெயர்ப்பாளரின் முகத்திலும் கையிலும் தனி விளக்கு விழ வேண்டும்.

கூட்டத்தின் ஒரு பக்கத்திலாவது ஸ்பீக்கர் வைக்காமல் விடுங்கள். சத்தம் தாங்காதவர்கள் அங்கே உட்காருவார்கள். பறைக்கு மைக்கே தேவையில்லை.

பார்வையில்லாத அந்த நண்பருக்குக் குழுவில் என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லை. பாடுவாரா, தாளம் போடுவாரா? போடுவார் என்றால் பின்பாட்டில் உட்கார வைக்க வாத்தியாரிடம் பேசிப் பாருங்கள். மற்றவர்களுக்குத் தரும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள். நோட்டீஸில் இந்த ஏற்பாடுகளையெல்லாம் இரண்டு வரியில் போட்டு, விசாரிக்க ஒரு போன் நம்பரும் கொடுங்கள். தேதி முடிவானதும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.