ஜெர்மனியிலிருந்து வந்த அமின் ஃபுளோரைடு பற்பசையை இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பி ஜெர்மனியிலிருந்து எல்மெக்ஸ் பற்பசை வாங்கி வந்திருக்கிறான். பெரியவர்களுக்கான வகை. அதில் ‘ஓலாஃப்ளூர்’ என்று போட்டிருக்கிறது. தேடிப் பார்த்ததில் அது அமின் ஃபுளோரைடு என்றும், அமின் வகைப் பொருள்கள் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரிலும் சேர்க்கப்படுகின்றன என்றும் தெரிந்தது. எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். ஃபுளோரைடு தண்ணீரால் பல் கறை பிடித்தவர்களைப் பார்த்தே வளர்ந்தேன். என் மகளுக்கு இரண்டு வயது. கொடுக்கலாமா?

பதில்: மகளுக்கு அந்தப் பற்பசை வேண்டாம். நீங்களும் வீட்டிலுள்ள பெரியவர்களும் பயமின்றிப் பயன்படுத்தலாம். வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அமினும் அல்ல, கண்டிஷனரும் அல்ல. தருமபுரி மாவட்டத்தில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்ப்பவள் நான். இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவங்களில் தினமும் கேட்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓலாஃப்ளூர். 1950களில் சூரிச் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையினர் அமின் ஃபுளோரைடுகளை ஆராய்ந்தார்கள். அதன் பயனாக 1962இல் எல்மெக்ஸ் சந்தைக்கு வந்தது. இந்த மூலக்கூறில் 18 கார்பன் நீளமுள்ள கொழுப்புச் சங்கிலி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரஜன் பகுதி, அதோடு ஃபுளோரைடு. அந்த நேர்மின் முனை பல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். சங்கிலி மெல்லிய படலமாகப் படரும். ஃபுளோரைடு பல்லை ஒட்டியே நிற்கும். இதற்காகத்தான் அமினைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தலைமுடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால், நீண்ட சங்கிலி அமின்கள் அதிலும் ஒட்டிச் சிக்கையும் வறட்சியையும் குறைக்கின்றன. அங்கே வேலை செய்வது அமின்தான். முடிக்கு ஃபுளோரைடால் ஆவது ஒன்றுமில்லை. ஒரே குடும்பத்துப் பொருள் கூந்தலுக்கும் பல்லுக்கும் பயன்படுகிறது என்பதால் அது வாய்க்கு ஆகாது என்று ஆகிவிடாது.

நம் ஊர்ப் பற்பசைகளில் பெரும்பாலும் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்று பார்த்திருப்பீர்கள். இங்கே பல பற்பசைகளுக்குச் சுண்ணாம்புத்தூள்தான், அதாவது கால்சியம் கார்பனேட்தான், அடிப்படைப் பொருள். சாதாரண சோடியம் ஃபுளோரைடைச் சேர்த்தால் கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பல்லுக்குப் பயன்படாது. மோனோஃபுளோரோபாஸ்பேட்டில் ஃபுளோரைடு பாஸ்பேட்டோடு பிணைந்திருப்பதால் கால்சியத்திடம் சிக்காமல் தப்பிக்கிறது. விலை குறைவு என்பதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

எந்தச் சேர்மமாக இருந்தாலும், பற்பசை ஃபுளோரைடின் வேலை பல்லின் மேற்பரப்பில்தான். வாயில் அமிலத்தன்மை கூடக் கூட பி.எச். எண் இறங்கும்; அது 5.5 அளவுக்கு இறங்கினால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு சேர்ந்த எனாமல் ஏறத்தாழ 4.5 வரை தாங்கும். கரைந்த தாதுக்கள் திரும்பிப் படிவதற்கும் அது துணை செய்கிறது. இதற்கு விழுங்கவே வேண்டியதில்லை.

நீங்கள் பார்த்து வளர்ந்த கறை இதற்கு நேர்மாறான வழியில் வருவது. நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது, விழுங்கிய ஃபுளோரைடு இரத்தத்தின் வழியாக அங்கே போய் எனாமல் முதிர்வதைக் கெடுக்கிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள்தான் மிகவும் முக்கியம். உங்கள் மகள் இப்போது சரியாக அந்த வயதில் இருக்கிறாள். பல் முளைப்பது ஆறேழு வயதில் என்பதால், கறையைக் காணும்போது காரணத்தைப் பெற்றோர் மறந்திருப்பார்கள்.

பல்லைக் காற்றால் உலர்த்திப் பார்த்தால் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடுகள் தெரியும். பெரும்பாலும் இடப்பக்கப் பல்லில் உள்ளது போலவே வலப்பக்க இணைப் பல்லிலும் இருக்கும். இதைக் கண்டாலே சொத்தை இல்லை என்று எனக்குப் புரிந்துவிடும். ஒழுங்காகத் துலக்காததால் வந்த அழுக்கு என்று நினைத்து, உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்கச் சொல்லி, ஈறு இறங்கிப்போன நிலையில் அழைத்து வரப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வாங்கிய திட்டு அவர்களுக்குச் சேர வேண்டியதே இல்லை. தேய்த்தால் போகிற கறை அல்ல அது.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தியாவில் பற்பசையில் ஃபுளோரைடு 1,000 பி.பி.எம்.மை, அதாவது ஒரு கிராம் பற்பசைக்கு 1 மில்லிகிராமை, தாண்டக் கூடாது. அளவைக் குழாயிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும். ஐரோப்பாவில் வரம்பு 1,500. உங்கள் தம்பி கொண்டுவந்ததில் 1,400. நம் ஊர்ப் பற்பசையை அரிசி அளவு எடுத்தால் ஏறத்தாழ 0.1 கிராம் வரும். குழந்தை முழுவதையும் விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடுதான். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்கினால் ஒரு கிராம் வரலாம். அந்த ஜெர்மன் பற்பசையில் அது 1.4 மில்லிகிராம், காலையும் இரவும் விழுங்கினால் 2.8. இரண்டு வயதில் துப்பத் தெரியாது. நான் வேண்டாம் என்பது இதனால்தான். அந்த விளம்பரப் படங்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

ஆனால் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் 3 மில்லிகிராம் என்பது அரிதல்ல. அந்தத் தண்ணீர் குடிப்பதிலும் கஞ்சியிலும் பாலிலுமாக ஒரு லிட்டர் உள்ளே போனால் நாளுக்கு 3 மில்லிகிராம். பற்பசைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் வீட்டில், பிள்ளைக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நம் மாவட்டத்தின் பயம் தவறான இடத்தில் நிற்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

இங்குள்ள கிரானைட், நைஸ் வகைப் பாறைகளின் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைகிறது. கால்சியம் குறைந்த, காரத்தன்மை மிகுந்த நீரில் அது தங்கிவிடுகிறது. கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். மண்பானையையும் மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியையும் இதற்கு நம்ப வேண்டாம். ஆர்.ஓ. பெருமளவு நீக்கும். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தப் பாதிப்புக்காகத்தான் வந்தது. அந்தக் காவிரி நீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். கிணற்று நீரைத் துவைக்கவும் கழுவவும் ஒதுக்குங்கள். சமையலுக்கு மட்டும் பழையபடி கிணற்று நீரையே பயன்படுத்தும் வீடுகள் நிறைய இருக்கின்றன. சோறும் பருப்பும் அந்த நீரை முழுக்க உறிஞ்சிக்கொள்கின்றன.

காவிரி நீர் என்றால் மகளுக்கு நம் ஊர் 1,000 பி.பி.எம். பற்பசையே போதும், அரிசி அளவு, நீங்களே துலக்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கிணற்று நீர் என்றால் அதைச் சோதிக்கும் வரை ஃபுளோரைடு இல்லாத பற்பசை போடுங்கள். பாட்டிலில் பாலுடன் தூங்க வைக்காதீர்கள். பெரியவர்கள் துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டியதில்லை.

சோதனைக்கு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசி நிரப்புங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் அறிக்கை தருவார்கள். அதில் ஃபுளோரைடு என்ற வரிக்கு நேரே உள்ள எண்ணை இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மகளுக்கு எந்தப் பற்பசை, எந்த வயதிலிருந்து என்று சொல்கிறேன்.