பழைய சர்வரிலிருந்து டேட்டாபேஸ் கிடைக்கிறது, புது சர்வரிலிருந்து டைம்அவுட்: எங்கே பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரை நிலவரம் இது. ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) விபிசிக்குள், அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய தனி நெட்வொர்க்குக்குள், ஆர்டிஎஸ் (அமேசானே நடத்தித் தரும் டேட்டாபேஸ் சேவை) போஸ்ட்கிரெஸ் ஒன்று, பிரைவேட் சப்நெட்டில் (இணையத்திலிருந்து நேரே வர முடியாத நெட்வொர்க் பகுதியில்) இருக்கிறது. பழைய ஆப் சர்வரிலிருந்து கனெக்ட் ஆகிறது. அதே செக்யூரிட்டி குரூப்பைப் (எந்தப் போர்ட்டில் யார் வரலாம் என்ற விதிகளின் தொகுப்பு) போட்டு, வேறு சப்நெட்டில் ஏற்றிய புது சர்வரிலிருந்து டைம்அவுட். கடைசியில் டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப்பில் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை 0.0.0.0/0 என்று எல்லோருக்கும் திறந்துவிட்டீர்கள், அப்படியும் வரவில்லை.

முதல் வேலையாக அந்த 0.0.0.0/0 விதியை எடுத்துவிடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். டேட்டாபேஸ் பிரைவேட் சப்நெட்டில்தானே இருக்கிறது, யார் வரப் போகிறார்கள் என்று தோன்றும். நாளைக்கு யாராவது பியரிங் போட்டு வேறு நெட்வொர்க்கைச் சேர்ப்பார்கள், விபிஎன் இணைப்பார்கள். இந்த விதி அங்கேயே கிடக்கும், யாருக்கும் நினைவிருக்காது. ஆப் சர்வரின் செக்யூரிட்டி குரூப் ஐடியையே சோர்ஸாகக் கொடுத்து ஒரு விதி சேருங்கள், அது வேலை செய்வதைப் பழைய சர்வரில் பார்த்துக்கொண்டு, அப்புறம் அகல விதியை அழியுங்கள். வரிசை மாறினால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரும் நின்றுவிடக்கூடும்.

அந்த விதி உங்களுக்கு ஒரு நல்ல துப்பும் கொடுத்திருக்கிறது. எல்லாக் கதவையும் திறந்தும் பாக்கெட் வரவில்லை, இரண்டு சர்வருக்கும் ஒரே குரூப்தான். அப்படியென்றால் தடுப்பது செக்யூரிட்டி குரூப் இல்லை. இனி அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூட வேண்டாம்.

அடுத்து, வந்த பிழை என்ன சொல்கிறது என்று பாருங்கள். "டைம்அவுட்" வேறு, "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" வேறு. ரெஃப்யூஸ்டு என்றால் பாக்கெட் அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை என்று அங்கிருந்தே பதில் வந்திருக்கிறது. போர்ட் எண் தப்பா, டேட்டாபேஸ் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பாஸ்வேர்டு தப்பு, பிஜி எச்பிஏ கோப்பில் (யார் எங்கிருந்து நுழையலாம் என்ற போஸ்ட்கிரெஸின் பட்டியல்) பதிவு இல்லை என்றெல்லாம் வந்தால் நெட்வொர்க் முழுவதையும் தாண்டிவிட்டீர்கள், சந்தோஷப்படலாம். (ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் 15 முதல் எஸ்எஸ்எல், அதாவது மறையாக்கிய இணைப்பு, இயல்பாகவே கட்டாயம். எஸ்எஸ்எல் இல்லாமல் போனாலும் இதே பிஜி எச்பிஏ பிழைதான் வரும், குழம்ப வேண்டாம்.) டைம்அவுட் மட்டும்தான் மௌனம். செக்யூரிட்டி குரூப்பும் சரி, நெட்வொர்க் ஏசிஎல்லும் (சப்நெட்டின் வாசலில் நிற்கும் விதிப்பட்டியல்) சரி, மறுக்கும் பாக்கெட்டுக்குப் பதில் அனுப்புவதில்லை, அப்படியே போட்டுவிடும். லினக்ஸ் இயல்பாக 6 முறை திரும்ப முயன்று, சுமார் 127 விநாடிக்குப் பிறகுதான் கைவிடும். சோதிக்கும்போது கனெக்ட் டைம்அவுட்டை 5 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு சர்வரிலும் டேட்டாபேஸ் எண்ட்பாயிண்ட்டை (கனெக்ட் செய்யும் முகவரிப் பெயரை) டிக் கமாண்டில் கேளுங்கள், அந்தப் பெயர் எந்த ஐபி என்று சொல்லும். இரண்டிலும் ஒரே பிரைவேட் ஐபி வர வேண்டும். எங்காவது பப்ளிக் ஐபி வந்தால் அந்த சர்வர் வெளியே போய்ச் சுற்றி வருகிறது. குரூப் ஐடியைச் சோர்ஸாகக் கொடுத்த விதி பிரைவேட் ஐபியை வைத்துத்தான் பொருந்தும், சுற்றி வரும் பாக்கெட்டுக்குப் பொருந்தாது. புது சர்வரில் டாக்கர் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். டாக்கர் தன் கண்டெய்னர்களுக்காகச் சர்வருக்குள்ளேயே அமைக்கும் இயல்பான நெட்வொர்க் (பிரிட்ஜ்) 172.17.0.0/16. உங்கள் விபிசியும் அதே எண் வரிசையில் இருந்தால், டேட்டாபேஸுக்குப் போக வேண்டிய பாக்கெட் சர்வரை விட்டே வெளியேறாது. ஐபி ரூட் கெட் என்று அடித்து டேட்டாபேஸ் ஐபியைக் கொடுங்கள், எந்த இண்டர்ஃபேஸ் வழியாகப் போகும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். டாக்கர்0 என்று வந்தால் அங்கேயே பிடித்துவிட்டீர்கள்.

இரண்டும் சரியாக இருந்தால், நான் பந்தயம் கட்டுவது நெட்வொர்க் ஏசிஎல் மேல். காரணம் நான் பட்ட அனுபவம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆப் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே சப்நெட்டில் இருந்தன, 10.20.1.0/24 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் மல்டி ஏஇசட், அதாவது வேறு மண்டலத்தில் ஒரு நகல் (ஸ்டாண்ட்பை) தயாராக இருக்கும்; அது 10.20.2.0/24 சப்நெட்டில். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு சனிக்கிழமை இரவு பராமரிப்பு நேரத்தில் ஃபெயிலோவர் ஆகி, ஸ்டாண்ட்பை பிரைமரி ஆனது. எண்ட்பாயிண்ட் பெயர் அதேதான், ஐபி மட்டும் மாறியது. அந்த நிமிடத்திலிருந்து எல்லா ரிக்வெஸ்ட்டும் டைம்அவுட்.

"நாங்கள் எதையும் மாற்றவில்லையே" என்று குழுவில் எல்லோரும் சொன்னோம், அது உண்மையும்கூட. மூன்று மணி நேரம் செக்யூரிட்டி குரூப்பைப் பார்த்தோம், ஆப்பை ரீஸ்டார்ட் செய்தோம், டிஎன்எஸ் பழைய ஐபியைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று தேடினோம். கூட வேலை பார்த்த ஒரு அக்காதான், "ஊகித்தது போதும், ஃப்ளோ லாக்கைப் போடுங்க" என்றார். ஃப்ளோ லாக் என்பது எந்தப் போக்குவரத்து போனது, எது தடுக்கப்பட்டது என்ற பதிவு; அது அதுவரை ஆன் செய்யப்படாமலே இருந்தது. ஆன் செய்த பிறகு நடப்பதைத்தான் அது எழுதும், நடந்து முடிந்தது கிடைக்காது. சேகரிக்கும் இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைத்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு வரி வந்தது:

10.20.1.37 இலிருந்து 10.20.2.114 க்கு, போர்ட் 43518 இலிருந்து 5432 க்கு, அக்செப்ட்.
10.20.2.114 இலிருந்து 10.20.1.37 க்கு, போர்ட் 5432 இலிருந்து 43518 க்கு, ரிஜெக்ட்.

நாங்கள் அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில் கடிதம் வாசலிலேயே கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டாவது சப்நெட்டுக்கு யாரோ தனியாக ஒரு ஏசிஎல் எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே வர 5432, வெளியே போகவும் 5432. செக்யூரிட்டி குரூப்பைப் பழகிய கைக்கு அது சரியாகத்தான் தோன்றும். செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல், உள்ளே விட்டதற்கான பதிலை அதுவே வெளியே விடும். ஏசிஎல் ஸ்டேட்லெஸ், அதற்கு ஒன்றுமே நினைவில் இருக்காது. பதில் பாக்கெட் 5432 க்குப் போவதில்லை, கேட்டவர் எந்தத் தற்காலிகப் போர்ட்டிலிருந்து கேட்டாரோ அதற்குத்தான் போகிறது. லினக்ஸில் அது வழக்கமாக 32768 முதல் 60999 வரை ஏதாவது ஒன்று.

அத்தனை மாதம் ஏன் தெரியவில்லை? ஏசிஎல் சப்நெட்டின் எல்லையில் மட்டும்தான் நிற்கும். ஒரே சப்நெட்டுக்குள் போய் வரும் பாக்கெட்டை அது பார்ப்பதே இல்லை. ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே வீட்டுக்குள் இருந்த வரை வாசல் காவலுக்கு வேலை வரவில்லை. உங்கள் விஷயத்தில் பழைய சர்வர் டேட்டாபேஸ் இருக்கும் சப்நெட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதே கதைதான். இல்லையென்றால், ஏசிஎல்லில் பழைய சப்நெட்டின் சிஐடிஆர் (ஐபி வரம்பு) மட்டும் எழுதப்பட்டிருக்கலாம்.

சரி, எப்படித் திருத்துவது? நான்கு இடம் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் சப்நெட்டின் ஏசிஎல்லில், ஆப் சப்நெட்டிலிருந்து 5432 உள்ளே வர வேண்டும், 1024 முதல் 65535 வரை ஆப் சப்நெட்டை நோக்கி வெளியே போக வேண்டும். ஆப் சப்நெட்டின் ஏசிஎல்லில் இதைத் திருப்பிப் போடுங்கள்: 5432 வெளியே, அந்தத் தற்காலிகப் போர்ட்டுகள் உள்ளே. டேட்டாபேஸ் சப்நெட் குரூப்பில் இருக்கும் ஒவ்வொரு சப்நெட்டுக்கும் இதைச் செய்யுங்கள், இன்றைக்குப் பிரைமரி எங்கே இருக்கிறதோ அதற்கு மட்டும் செய்தால் அடுத்த ஃபெயிலோவரில் நாங்கள் நின்ற இடத்தில் நிற்பீர்கள். விதி எண்ணையும் கவனியுங்கள். ஏசிஎல் சிறிய எண்ணிலிருந்து படித்துக்கொண்டு வரும், முதலில் பொருந்தியதோடு நிறுத்திவிடும். 100 இல் ஒரு டினை (மறுப்பு) இருந்தால் 200 இல் நீங்கள் எழுதிய அலவ் அதன் கண்ணில் படாது. புதிதாக உருவாக்கிய ஏசிஎல் எல்லாவற்றையும் மறுத்தபடிதான் பிறக்கிறது, விபிசியோடு வரும் இயல்பான ஏசிஎல் எல்லாவற்றையும் விடும். இந்த வித்தியாசமே பலரை விழ வைக்கிறது.

என் அபிப்பிராயம்: தணிக்கை போன்ற வலுவான காரணம் இல்லாத சின்னக் குழுவுக்குத் தனி ஏசிஎல் தேவையில்லை. இயல்பானதையே விட்டுவிட்டு, செக்யூரிட்டி குரூப்பைக் குறுக்கி எழுதுங்கள். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், இரண்டு அடுக்கு காவல் நல்லது என்பார்கள். அந்த இரண்டாவது அடுக்கைப் படிக்கத் தெரிந்த ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு இருப்பாரா என்பதுதான் என் கவலை.

இங்கே வேறு அறிகுறியோடு வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. கனெக்ட் ஆகிறது, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அறுந்துபோகிறது என்றால் ஏசிஎல்லைத் தேடாதீர்கள். வழியில் நாட் கேட்வே (பிரைவேட் சப்நெட்டிலிருந்து வெளியே போக வழிவிடுவது) இருக்கிறதா என்று பாருங்கள். அது 350 விநாடி சும்மா இருக்கும் கனெக்‌ஷனை மறந்துவிடும். டிசிபி கீப்அலைவை (இன்னும் இருக்கிறேன் என்று சொல்லும் சின்னப் பாக்கெட்டை) அதற்குள் ஒரு முறை துடிக்க வைத்தால் போதும். மைஎஸ்க்யூஎல்லில் உங்கள் ஹோஸ்ட் பிளாக் செய்யப்பட்டது என்று பிழை வந்தால் அது நெட்வொர்க்கே இல்லை. அரைகுறையாக அறுந்த முயற்சிகள் தொடர்ந்து 100 தாண்டினால் டேட்டாபேஸே அந்த ஹோஸ்ட்டை ஒதுக்கிவிடும். அந்த ஹோஸ்ட் பட்டியலை ஃப்ளஷ் செய்தால் உடனே திறக்கும், ஆனால் காரணத்தைப் பிடியுங்கள். போர்ட்டைத் தொட்டுவிட்டு ஓடும் ஹெல்த் செக்தான் பல சமயம்.

திருத்தி முடித்ததும் பழைய கனெக்‌ஷன் பூலை (ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் இணைப்புகளை) நம்பி "சரியாகிவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். புது சர்வரில் புது கனெக்‌ஷன் ஒன்றைத் திறந்து பாருங்கள். அது வந்தால், ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் "ரீபூட் வித் ஃபெயிலோவர்" கொடுத்து, டேட்டாபேஸ் அந்தப் பக்கம் போன பிறகும் இதே சோதனையை இரண்டு சர்வரிலும் செய்யுங்கள். உங்களுடையது மல்டி ஏஇசட் இல்லை என்றால் இந்தக் கடைசிப் படி வேண்டாம்.