குறைந்த செலவில் முதல் மீன் தொட்டி: எதை வாங்குவது?

சென்னையில் குறைந்த செலவில் முதல் மீன் தொட்டி வைக்க எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மட்டும் வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் கொஞ்சத் தண்ணீரில் அழுக்கு சீக்கிரம் ஏறி மீன் செத்துப்போகும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 54 லிட்டர் பிடிக்கும். அதுவே நல்ல தொடக்கம். கொளத்தூர் கடைகளில் சாதாரணக் கண்ணாடித் தொட்டியாகக் கேளுங்கள். விளக்கு, பொம்மை எல்லாம் பிறகு பார்க்கலாம். தண்ணீருக்குள் காற்று ஊதும் ஏர் பம்ப்பும், அதோடு இணைத்து ஓட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் (பஞ்சு வடிகட்டி) கட்டாயம். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை.

மீனை அன்றைக்கே வாங்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் வளரப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியிலும் அந்த பாக்டீரியாவுக்கு அம்மோனியா கிடைக்க, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். தெரிந்தவர் வீட்டுத் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் தயாராகும்.

பிறகு நாலைந்து கப்பி மீன் விடுங்கள். கடினமான போர்வெல் தண்ணீரையும் தாங்கும். கோல்டுஃபிஷ் பெரிதாக வளரும், இந்தத் தொட்டி போதாது. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.